கடல் தின்ற படலம்

இன்னாசியம்மாள் மோதிரத்தைப் புளி போட்டுத் துலக்கிக் கொண்டுவந்திருந்தாள்.

அதைப் பார்த்ததுமே ஜெசிந்தாவுக்கு எரிச்சல் வந்தது. அவள் வேலை பார்க்கும் அடையாள நிலையத்தின் வாசலில் ஆள் உயர எழுத்தில் எழுதிப் போட்டிருக்கிறார்கள்: கிடைத்த நகையைத் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள், துணியால் துடைக்கவும் வேண்டாம். யார் கேட்கிறார்கள்? மெட்டல் டிடெக்டர் கத்தியதும் மணலைத் தோண்டுகிறார்கள். கறுத்துப்போன கொலுசோ கம்மலோ கையில் வந்துவிட்டால் அப்புறம் கை சும்மா இருப்பதில்லை. சாம்பல், பற்பசை, எலுமிச்சை. போன வாரம் ஒருவர் தன் தம்பியின் வெள்ளிச் சங்கிலியை பேட்டரி அமிலத்திலேயே முக்கி எடுத்துவிட்டு, பளபளவென்று ஆகிவிட்டதைக் காட்டி அழுதார். தம்பி அந்தப் பளபளப்போடு போய்விட்டான் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

"எங்க கெடச்சுதும்மா இது?"

"வடக்கு மணல்ல. பழைய ஐஸ் பிளாண்டுக்குப் பின்னால. டிடெக்டர வாடகைக்கு எடுத்துட்டுப் போயிருந்தேன்."

"எவ்வளவு ஆழத்துல?"

அந்த அம்மாள் ஒரு கணம் யோசித்தாள். "முழங்கை ஆழம் இருக்கும்."

"யாரோடது?"

"எம் மக கில்டாவோடது. உள்பக்கம் எழுத்து இருக்கு, பாருங்க."

இருந்தது. கல்யாண மோதிரம். வெளிப்பக்கம் சுற்றிலும் கொடி வேலைப்பாடு. உள்ளே கஸ்பார் என்ற பெயரும் ஒரு தேதியும்.

கஸ்பாரைத் தெரியாதவர்கள் புன்னைமுனையில் இல்லை. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம் கடல் எழும்பி வந்து மூன்று தெருக்களை வழித்துக்கொண்டு போனது. ஊரில் அதைப் பெருநீர் என்கிறார்கள். நானூற்று முப்பத்தொரு பேர் போனார்கள். நூற்றுச் சொச்சம் பேருடைய உடல்தான் கிடைத்தது. மற்றவர்களுக்கு மிச்சம் மணலுக்குள் கிடக்கும் உலோகம் மட்டும்தான். முதல் வருடம் ஊரே டிடெக்டரோடு கடற்கரையில் அலைந்தது. பிறகு ஒவ்வொருவராக ஓய்ந்துபோனார்கள். கஸ்பார் ஓயவில்லை. தினமும் நீர் வற்றும் நேரம் பார்த்து இறங்குவான். வெயிலில் கறுத்து, தாடி வளர்ந்து, மனைவியின் ஒரு கம்மலாவது கிடைக்காதா என்று நான்கு வருடமாக நடக்கிறான். மாதா கோயிலில் சாமியார் ஒருமுறை பிரசங்கத்திலேயே அவனை உதாரணமாகச் சொன்னார். ஜெசிந்தா தன் அண்ணனை இரண்டு வருடம் தேடிவிட்டுக் கைவிட்டவள். கஸ்பார் எதிரே வந்தால் அவளுக்குத் தலை தானாகக் குனியும்.

"வெறும் மோதிரத்துல என்னம்மா தெரியும்?" என்று கேட்டாள் இன்னாசியம்மாள். அவள் கைவிரல்கள் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தன.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது ஜெசிந்தாவுக்குப் பிடிக்கும். "எல்லாமே தெரியும்மா. இந்தக் கொடி வேலைப்பாடு இருக்குல்லா, அந்தப் பள்ளத்துல அழுக்கு சேரும். வேர்வ, சோப்பு, தோலு. வருசக்கணக்கா ஒண்ணுமேல ஒண்ணு படியும். ஒவ்வொரு படலமும் தலமுடிய நூறா வகுந்த கனம்தான். எங்க பெட்டி அத வரிசையா வாசிக்கும். போட்டிருந்தது யாரு, அந்த மாசம் அவங்களுக்குக் காய்ச்சலா, புள்ள உண்டாயிருந்தாங்களா, எல்லாத்தையும் சொல்லிரும். மேல கடலு எத்தன நாளு ஊறப்போட்டுச்சுன்னும் சொல்லும். அத வச்சுத்தான் இறப்புச் சான்றிதழ் குடுக்கோம்."

"நான் தேச்சுட்டேனே. போயிருக்காதா?"

"புளிக்கெல்லாம் போகாது, பயப்படாதீங்க. பள்ளத்துக்கு உள்ள அப்படியே இருக்கும்."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஆனால் அதைக் கேட்டு இன்னாசியம்மாளின் முகம் தெளியவில்லை. மோதிரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்பவள் போலக் கையை நீட்டி, பிறகு மடக்கிக்கொண்டாள்.

பதிவுக்குப் போகும் வாசிப்புக்கு முன்னால் ஒரு பள்ளத்தை மட்டும் ஒளி காட்டிப் பார்ப்பது வழக்கம். முன்வாசிப்பு என்பார்கள். அது எந்தக் கோப்பிலும் ஏறாது. நகை தாங்குமா என்று தெரிந்துகொள்வதற்குத்தான். ஜெசிந்தா உள்ளறையில் மோதிரத்தைப் பெட்டியில் பொருத்திவிட்டுத் திரையைப் பார்த்தாள். முதல் வரி வந்தது. பெட்டி பழுதாகிவிட்டதோ என்று அணைத்துப் போட்டாள். மறுபடியும் அதே வரி.

கடல் இல்லை.

இதுவரை தொள்ளாயிரம் நகைகளுக்கு மேல் வாசித்திருக்கிறாள். எல்லாவற்றிலும் மேல்படலம் ஒன்றுதான்: உப்பு, உப்பு, உப்பு. இந்த மோதிரத்தின் மேல்படலத்தில் வேர்வை இருந்தது. நாற்பது நாளுக்கு முந்தைய வேர்வை. போட்டிருந்தவள் ஐந்து மாதக் கர்ப்பிணி.

ஜெசிந்தா ஓடினாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளின் முன்னால் மண்டியிட்டு இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து யாருக்கும் சொல்லக் கிடைக்காத ஒரு வார்த்தை அவளிடம் இருந்தது.

"அம்மா, உங்க மக சாகல! உயிரோட இருக்கா! எங்கயோ நல்லா இருக்கா!"

இன்னாசியம்மாள் அழவில்லை, சிரிக்கவில்லை. வரிசையில் நின்றவர்களை ஒரு தரம் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள்.

"மெள்ளப் பேசும்மா," என்றாள். "எனக்குத் தெரியும்."

உள்ளறைக் கதவைச் சாத்தியபின்தான் இன்னாசியம்மாள் மிச்சத்தைச் சொன்னாள். பெருநீர் வந்த அன்று கில்டா வீட்டில் இல்லை. காலையிலேயே புருஷன் அடித்த அடியில் காது கிழிந்து, தையல் போட்டுக்கொள்ள டவுன் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறியிருந்தாள். அங்கே இருக்கும்போதுதான் தெரு போன செய்தி வந்தது. அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. அம்மாவுக்குக்கூட எட்டு மாதம் கழித்துத்தான் தகவல் வந்தது.

"ஊரெல்லாம் அழுதுச்சு. தகவல் வந்த அன்னைக்கி நான் மட்டும் அந்தத் தண்ணிக்கு மனசுக்குள்ள நன்றி சொன்னேன்," என்றாள் இன்னாசியம்மாள். "அந்தப் பாவம் என்னோட போட்டும்."

"கஸ்பாரா? கஸ்பாரா அடிச்சான்? நாலு வருசமா மணல்ல அலையுறானே..."

"எதுக்கு அலையுதான்னு நெனச்ச? ஏங்கிட்டயே சொன்னான். 'ஒங்க மக சாகல. செத்திருந்தா ஒரு நகையாவது கெடச்சிருக்கும். கெடைக்கலன்னா எங்கயோ இருக்கா. இருந்தா நான் விடமாட்டேன்'னு. நகை கெடச்சா அவன் நிறுத்திருவான். போன மாசம் ஒரு லாரி டிரைவரு வடக்க ஏதோ துறமுகத்துல அவள மாதிரி ஒருத்தியப் பாத்தேன்னு சொல்லியிருக்கான். அன்னையில இருந்து இவன் ஒவ்வொரு ஊரா போன் போட்டு விசாரிக்கான். அதான் அவ மோதிரத்தக் கழத்தி அனுப்பிட்டா."

"அவன் போட்ட மோதிரத்தை ஏன் இவ்வளவு நாளு போட்டிருந்தா?"

"அசலூருல தனியா இருக்க பொம்பளைக்கி விரல்ல ஒரு மோதிரம் வேணும்லா தாயி. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இப்ப ஒரு நல்லவன் கெடச்சிருக்கான். வயித்துல புள்ள இருக்கு."

ஜெசிந்தா அவளை உட்காரச் சொல்லிவிட்டு, முன்வாசிப்பின் கீழ்ப்படலங்களைப் பார்த்தாள். நம்பாமல் இல்லை. ஆனாலும் பார்த்தாள். கல்யாணமாகி நாலாம் மாதத்தில் முதல் இரத்தம். அவளுடையதே. அதற்கு மேல் சோப்பு. அதற்கு மேல் மறுபடி இரத்தம். ஒரு கரு உண்டாகி மூன்று மாதத்தில் நின்றுபோயிருந்தது. மறுநாள் படலத்தில் இரத்தம் பள்ளம் முழுவதும் நிரம்பியிருந்தது. ஒரு கட்டத்தில் மோதிரம் நசுங்கி, யாரோ அதை உருளையில் வைத்துத் தட்டி மறுபடி வட்டமாக்கியிருந்தார்கள். பயம் வந்தால் உடம்பு சுரக்கும் ஒரு பொருள் உண்டு. இந்த மோதிரத்தில் அது வராத வாரமே இல்லை. பெருநீருக்கு மறுநாளிலிருந்து அது குறைந்துகொண்டே வந்து, ஒன்றரை வருடத்தில் இல்லாமலே போயிருந்தது.

"அம்மா, இது ஒண்ணு போதும்," என்றாள். "இத அப்படியே பதிவுல ஏத்துனா கோர்ட்டுல நிக்கும். அவன உள்ள போடலாம்."

"எத்தன வருசம்?"

"ஏழு. எட்டு."

"அப்புறம் வெளிய வருவான்லா?"

ஜெசிந்தா மோதிரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தாள்.

"இதுல அவ உயிரோட இருக்கான்னும்லா எழுதியிருக்கு," என்றாள் இன்னாசியம்மாள். "ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கு. ஒண்ண வச்சுக்கிட்டு ஒண்ண மட்டும் அழிக்க முடியுமா?"

"முடியாது."

"அப்ப கழுவிரு தாயி."

பதிவில் ஏறும் வாசிப்பு அன்று மாலையே அரசுப் பதிவேட்டுக்குப் போய்விடும். நகல் கணவனுக்குப் போகும். சட்டம் அப்படி. ஜெசிந்தாவுக்கு முன்னால் இருந்தது ஒரு மத்தியானம்தான்.

அவளுக்குத் தெரிந்த வேலைதான். தெரியாதது ஒன்றுமில்லை. தங்கத்தில் சேர்த்திருக்கும் செம்பைக் கடல் மெதுவாகத் தின்னும். மேற்பரப்பில் சொக்கத் தங்கம் மட்டும் மிஞ்சும். நாலு வருடம் கடல் செய்வதை, சூடான அமிலம் கொஞ்ச நேரத்தில் செய்துவிடும். இதை யாரும் செய்துவிடக் கூடாதே என்றுதான் இத்தனை நாள் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தாள். கையுறை போட்டுக்கொண்டு மோதிரத்தை அமிலத்தில் இறக்கினாள். பள்ளங்களிலிருந்து மெல்லிய பழுப்பு நூல் போல ஏதோ பிரிந்து மேலே வந்தது. கில்டாவின் அத்தனை வருடமும் அதுதான். கண்ணாடிக் குவளையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கரைந்துபோனது. பிறகு உப்புநீரில் போட்டாள், மென்மையான தூரிகையால் ஒவ்வொரு பள்ளமாகத் தேய்த்தாள். எடுத்தபோது நேற்றுச் செய்த மோதிரம் போல இருந்தது.

பதிவு வாசிப்பில் பெட்டிக்கு உப்பைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படி வருகிறவற்றுக்குப் படிவத்தில் ஒரு பெயர் உண்டு: கடல் தின்ற படலம். வருகிற நகைகளில் பாதி அப்படித்தான். பொறித்த எழுத்தும் தாயின் வாக்குமூலமும் அடையாளத்துக்குப் போதும். கடலில் கிடந்த காலம் நான்கு ஆண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இருபத்தெட்டு வயது கில்டா செத்துப்போனாள்.

மறுநாள் காலையில் கஸ்பார் வந்தான். கையில் டிடெக்டர் இல்லாமல் அவனை ஜெசிந்தா பார்த்தது அன்றுதான் முதல் தடவை. மரியாதையாகச் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தான். மோதிரத்தை விரல்நுனியில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வடக்கு மணல்லயா கெடச்சுது?"

"அப்படித்தான் அவங்க சொன்னாங்க."

"அங்க நான் நூறு தடவ நடந்திருக்கேன் மேடம்."

"மணலு எடம் மாறுதுல்லா. இன்னைக்கி மூடும், நாளைக்கித் தொறக்கும்."

"ரொம்ப மினுங்குதே. கடலு இப்படியா வைக்கும்?"

"நாங்க சுத்தம் பண்ணித்தான் குடுப்போம்," என்றாள் ஜெசிந்தா. அந்தப் பதில் அவ்வளவு இயல்பாக வந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

அவன் அவளுடைய கண்ணை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு சான்றிதழில் அவள் கையெழுத்தைப் பார்த்தான். அதற்கப்புறம் ஒன்று நடந்தது. அதைத்தான் அவள் எதிர்பார்க்கவில்லை. அவன் உடைந்து அழுதான். பொய்யாக அழவில்லை. ஆசையாய் வைத்திருந்த பொருளைத் தொலைத்தவன் அழுவது போல, நெஞ்சிலிருந்து அழுதான். வரிசையில் நின்ற பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து கடற்கரையில் அவனைக் காணவில்லை. ஜெசிந்தா ராத்திரி நன்றாகத் தூங்கினாள். எழுதியது பொய்தான். ஆனால் தன் கையால் ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறோம் என்று அவளுக்குள் ஒரு சூடு இருந்துகொண்டே இருந்தது. அது சரியாக இரண்டு மாதம் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை கஸ்பார் மறுபடி நிலையத்துக்கு வந்தான். தாடியை மழித்திருந்தான். தட்டில் வெற்றிலை, பூ, ஒரு கல்யாணப் பத்திரிகை.

"மொதப் பத்திரிகை உங்களுக்குத்தான் மேடம். நீங்க அந்தச் சான்றிதழ் குடுக்கலன்னா சட்டப்படி இன்னும் மூணு வருசம் காத்துக் கெடந்திருப்பேன். நீங்கதான் என்ன விடுவிச்சிய. அவசியம் வரணும்."

மணமகள் பெயர் சிந்தாத்திரை; ஊரில் சிந்தா. வயது இருபத்திரண்டு.

பத்திரிகையை வாங்கிக்கொண்டபோது தன் வாய் என்ன சொன்னது என்று ஜெசிந்தாவுக்கு நினைவில்லை. வாழ்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஞாயிறே கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். பூசை முடிவில் சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கல்யாணம் ஆகப்போகிறவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். "மனைவியை இழந்தவரான கஸ்பார்" என்று படித்தார். இந்தத் திருமணத்துக்குத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்றார். மூன்று ஞாயிறுகள் இப்படிக் கேட்பார்கள். தூணோரத்தில் இன்னாசியம்மாள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஜெசிந்தா மறுவாழ்வுக் குடியிருப்புக்குப் போனாள். சிந்தா வாசலில் கடல்பாசியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண், சிரித்தால் ஈறு தெரிந்தது. அவளுடைய அண்ணன் நாற்காலி எடுத்துப் போட்டான்.

"இந்தக் கல்யாணம் வேண்டாம்," என்றாள் ஜெசிந்தா. "அவன் மொதப் பொண்டாட்டிய அடிச்சிருக்கான். அவ மோதிரத்துல ரத்தம் இருந்துச்சு. நானே பாத்தேன்."

அண்ணன் பதறவில்லை. உள்ளே போய்ச் செல்போனை எடுத்து வந்து, சான்றிதழின் நகலைத் திறந்து காட்டினான். "மாப்பிள்ள எல்லாத்தையும் அனுப்பியிருக்காரு. படிக்கேன் கேளுங்க. 'படலம் முழுவதும் கடல் உப்பால் அழிந்துள்ளது. வாசிக்கத்தக்க தகவல் ஏதும் இல்லை.' இது உங்க கையெழுத்துதான?"

"ஆமா."

"அப்ப ரத்தத்த எதுல பாத்திய?"

முன்வாசிப்பில் என்று சொல்லலாம். அப்படியானால் பதிவு வாசிப்பில் அது எங்கே போனது என்று கேட்பான். கழுவினேன் என்றால், ஏன் கழுவினாய் என்பான். அந்த ஏனுக்குப் பதில் வடக்கே ஒரு துறைமுகத்தில் நிறைமாதமாக இருந்தது. ஜெசிந்தா எழுந்துவிட்டாள்.

தெருமுனை வரை சிந்தா கூடவே வந்தாள். "அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியளே? எங்கம்மாவும் பெருநீர்லதான் போனா. எங்கப்பா ஒரு வாரம்கூட தேடல. இவரு நாலு வருசம் வெயில்ல நடந்திருக்காரு. அப்படி ஒரு ஆளு கெடச்சா போதும்னுதான் நான் சம்மதிச்சேன். நீங்க ஏன் இப்படிச் சொல்லுதிய?"

"தேடுறதுக்கு வேற காரணமும் இருக்கலாம்மா."

சிந்தா நின்று அவள் முகத்தைப் பார்த்தாள். "செத்தவளத் தேடுறதுக்கு வேற என்னக்கா காரணம் இருக்கும்?"

ஜெசிந்தாவுக்கு அதற்குப் பதில் தெரியும். "உன் உடம்பப் பாத்துக்க," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். தனக்குப் பின்னால் அந்தப் பெண் குழம்பிப்போய் நிற்பது திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

நிலையத்துக்கு வந்து குவளைகள் வைக்கும் அலமாரியைத் திறந்து பார்த்தாள். அமிலம் எப்போதோ மாற்றப்பட்டுவிட்டது. பெட்டியின் நினைவைத் தோண்டிப் பார்த்தாள். முன்வாசிப்பு எதையும் அது வைத்துக்கொள்வதில்லை. அவளுக்கே அது தெரியும். தெரிந்துதானே அன்று செய்தாள்.

இரண்டாம் ஞாயிறு இன்னாசியம்மாள் கோயிலுக்கு வரவில்லை. இரண்டாம் ஓலையை வாசித்தபோது ஜெசிந்தா தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் ஞாயிறு கூட்டம் அதிகம். ஜெசிந்தா முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள். எழுந்து நிற்பது. சான்றிதழ் பொய், மோதிரத்தைக் கழுவியவள் நான்தான் என்று சொல்வது. வேலை போகும், ஜெயிலுக்கும் போகலாம், போகட்டும். கில்டா உயிரோடு இருப்பதைச் சொல்லவே வேண்டாம். ஆனால் கஸ்பாருக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன? அவள் எழுந்த அந்தக் கணமே அவனுக்குப் புரிந்துவிடும். அதுவும் அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. ஒருத்தியைத் தெரிந்தே பலி கொடுப்பது பாவம், இன்னொருத்தியைப் பார்த்துக்கொண்டே இருப்பது அதைவிடச் சின்னப் பாவமா என்று மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பூசை பாதியில் யாரோ பெஞ்சில் அவளை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இன்னாசியம்மாள். பயணக் களைப்பில் கண்கள் உள்ளே போயிருந்தன.

"செவ்வாக்கெழம பொறந்துச்சு," என்றாள் காதோடு. "பொம்பளப் புள்ள. ஆஸ்பத்திரியில சேக்க மாட்டேன்னுட்டாங்க. பேரைப் போட்டா செத்தவன்னு வருதாம். வீட்லயே வச்சுப் பெத்தா. ரெண்டு நாளு பொழைப்பாளோ மாட்டாளோன்னு கெடந்தா. இப்பத்தான் எந்திரிச்சு உக்காந்திருக்கா."

சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"மூன்றாம் அறிவிப்பு," என்றார். "மனைவியை இழந்தவரான கஸ்பார்..."

ஜெசிந்தாவின் பாதங்கள் தரையில் ஊன்றின. முழங்கால் அரை அங்குலம் எழுந்திருக்கும். அவள் மணிக்கட்டின் மேல் இன்னாசியம்மாளின் கை வந்து விழுந்தது. அந்தப் பிடியில் பலம் ஒன்றும் இல்லை. பயணத்தில் சோர்ந்துபோன கை. லேசாக உதறியிருந்தாலே விட்டிருக்கும்.

இரண்டு வரிசை முன்னால் சிந்தா உட்கார்ந்திருந்தாள். தன் பெயரை வாசித்ததும் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்திலிருந்த தோழி அவள் இடுப்பில் கிள்ளினாள்.

தடை இருப்பதாக அறிந்தவர்கள் சொல்லலாம் என்று படித்துவிட்டு, சாமியார் வழக்கம்போல ஒரு மூச்சு நேரம் நிறுத்தினார். வெளியே அலைச் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள்.

ஜெசிந்தா உதறவில்லை.

சாமியார் தாளைத் திருப்பி, அடுத்த ஜோடியின் பெயரை வாசிக்க ஆரம்பித்தார்.